ஏலமும் ஏடும்

ஏலம் என்ற ஒரு சொல்லுக்கு நம் போடிநாயக்கனூரிலே இரு பொருள் உண்டு. மலையிலே விளைவது ஒன்று. மண்டபத்திலே விலை கூறப்படுவது மற்றொன்று. மலையில் விளைந்த ஏலம் மண்டபத்து ஏலத்திற்கு வருகின்றபோது, வணிகர் கேட்கும் முதற்கேள்வி விலையன்று. "எந்த லாட்டு?" என்பதே அது. நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்திலே, எண் இல்லாத குவியலுக்கு இடமில்லை. இன்ன எண், இத்தனை மூட்டை, இத்தனை எடை, இன்னாருடைய சரக்கு என்ற குறிப்பு இருக்கவேண்டும். மாதிரிக் காயைக் கையிலே கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, முகர்ந்தும் பார்த்த பின்னரே விலை கேட்பர். வந்த இடம் தெரியாத காயை வாங்க எவரும் முன்வாரார்.

காய்க்கு இருக்கின்ற இந்த மதிப்பு, கருத்துக்கு இல்லையே, தோழர்களே! அதைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

சென்ற ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலிலே, நம்மிடம் முன்பு பள்ளியிலே பயின்ற பெண்ணொருத்தி வீடு தேடி வந்தாள். இப்போது முதுகலைப் பொருளாதாரம் பயில்கிறாள். வீட்டின் முதற்பட்டதாரி. தந்தை இல்லை. தாய், ஏலக்காய்க் கடையிலே காய் பொறுக்கும் தொழிலாளி. வெடித்த காய், சொறி விழுந்த காய், நிறம் மங்கிய காய் என ஒவ்வொன்றாகக் கண்ணால் கண்டு, கையால் ஒதுக்கி, மாலையானால் விரல்நுனி மரத்துப்போகும் வேலை அது. அந்தத் தாய் ஈன்ற மகளின் கையிலே ஓர் ஆய்வேடு. அதன்மேலே ஒரு தாள். தாளிலே ஓர் எண். நூற்றுக்கு 47!

மதிப்பெண் என எண்ணிவிடாதீர். திருட்டெண்! அவள் ஏட்டில் உள்ள எழுத்திலே நூற்றுக்கு 47 பங்கு, ஏற்கெனவே பிறர் எழுதியதோடு ஒத்திருக்கின்றது எனக் கணினி காட்டிய கணக்கு அது. முறைப்படி ஏட்டை ஒப்படைக்கும் முன்னரே வழிகாட்டிப் பேராசிரியர் சோதித்துப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டார். அந்த மட்டிலே நல்லதாயிற்று.

"எங்கிருந்து எடுத்தாய் அம்மா?" எனக் கேட்டோம்.

தலை கவிழ்ந்தாள். "நான் எடுக்கல ஐயா. கடையில எழுதிக் குடுத்தாங்க."

ஆம், கடை! துணிக்குக் கடை உண்டு, தூக்குவாளிக்குக் கடை உண்டு. ஆய்வேட்டுக்கும் கடை உண்டு. நகரத்திலே, நகல் எடுக்கும் கடையின் மாடிப்படியோரம் அமர்ந்திருப்பவரிடம் தலைப்பைக் கூறிப் பணத்தைக் கொடுத்தால், பத்து நாளிலே கட்டமைத்த ஏடு கைக்கு வரும். பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். தாய், சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஏட்டைப் புரட்டினோம். ஆங்கிலம் வழவழவென்று ஓடிற்று. ஏலத்தோட்டத் தொழிலாளரின் வாழ்வு பற்றிய ஆய்வாம் அது. மூன்றாம் இயலிலே ஓரிடத்தில் நம் விரல் நின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, முதுகுக் கூடையிலே போட்டு, ஏலம் பறிக்கின்றனராம் பெண்கள்! எங்கோ எவரோ தேயிலைத் தொழிலாளரைப் பற்றி எழுதியதை எடுத்து, "தேயிலை" என வந்த இடமெல்லாம் "ஏலம்" என மாற்றியிருக்கிறார் அந்தக் கடைக்காரர். செடியின் அடியிலே, மண்ணோடு ஒட்டிப் படர்ந்த கதிரிலே காய்ப்பது ஏலம் என்பதை, போடியிலே பள்ளி செல்லாத குழந்தையும் அறியும். பல்கலைக்கழகத்துக்குச் செல்லவிருந்த ஏடு அறியவில்லை!

மாலையிலே, மகளைத் தேடி வந்த தாய்க்கு அந்த வரியைத் தமிழிலே கூறினோம். முதலில் விளங்காமல் விழித்தாள். பிறகு, வாய்பொத்திச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் கண் கலங்கிற்று. பன்னிரண்டாயிரம் நினைவுக்கு வந்திருக்கும்.

அவளைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் எழவில்லை. காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறை. நாம் கல்லூரியிலே பயின்ற காலத்தில் இறுதியாண்டு ஆய்வேடு ஒன்று எழுதினோம். எழுதினோம் என்பதா! முந்தைய ஆண்டு அண்ணன் ஒருவர் எழுதியதை வாங்கி, முன்னுரையை மாற்றி, முடிவுரையை மாற்றி, நடுவிலே இருந்ததை நடுவிலேயே விட்டு, துணைநூற்பட்டியலிலே நாம் கண்ணாலும் காணாத நாற்பது நூல்களின் பெயரை அடுக்கினோம். நல்ல மதிப்பெண் வந்தது. எவரும் கேட்கவில்லை. பட்டியலிலே உள்ள ஒரு நூலையாவது காட்டு என ஒருவர் கேட்டிருந்தால், அன்றே நாணித் திருந்தியிருப்போம். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் இன்று கரும்பலகை முன்னே நிற்கிறோம்.

ஆகவே, கடைக்காரரை மட்டும் ஏசிப் பயனில்லை. கடை ஏன் முளைத்தது? ஆய்வு நெறிமுறை என ஒரு பாடத்தாள் இருக்கின்றது. அதிலே, மேற்கோள் என்றால் என்ன, அடிக்குறிப்பு என்றால் என்ன, அதன் வகைகள் யாவை என ஐந்து மதிப்பெண் வினாக்கள் வருகின்றன. மாணவர் மனப்பாடம் செய்கின்றனர், எழுதுகின்றனர், தேறுகின்றனர். ஒரு நூலைக் கையிலே கொடுத்து, "இதில் ஒரு கருத்தை எடு, உன் சொல்லிலே எழுது, எடுத்த இடத்தைக் காட்டு" என ஒருமுறை உடன் உட்கார்ந்து செய்வித்தவர் எத்தனை பேர்? நீச்சலைப் பற்றி நெடுநேரம் சொற்பொழிவாற்றிவிட்டு ஆற்றிலே தள்ளினால், அகப்பட்ட கட்டையைப் பிடிக்கத்தான் செய்வான். பாட்டனும் பூட்டனும் படித்த வீட்டிலே, மேசையருகே அமர்ந்து திருத்தித்தர அப்பா இருக்கிறார், அண்ணன் இருக்கிறான். காய் பொறுக்கும் வீட்டிலே யார் இருக்கிறார்? உதவி கேட்பதே இழுக்கு என எண்ணும் கூச்சம் வேறு! அந்தக் கூச்சத்தைத்தான் கடைக்காரர் காசாக்குகிறார்.

தண்டனையோ கடுமை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டு எழுத்துத் திருட்டைத் தடுக்க ஒழுங்குமுறை ஒன்றை வகுத்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனையில்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மேற்படாத தவணைக்குள் திருத்தி எழுதித் தரவேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஏட்டைத் தருவதற்கே ஓராண்டுத் தடை. அதற்கும் மேலே என்றால் பதிவே நீக்கம். இந்தப் பெண்ணின் 47, ஓராண்டைத் தின்றிருக்கும். ஓராண்டு என்பது அந்த வீட்டிலே வெறும் காலக்கணக்கன்று. "படித்தது போதும், வேலைக்குப் போ" என உறவினர் கூறுவதற்கான வாய்ப்பு.

ஆனால், அதே ஒழுங்குமுறையிலே மாணவர் பலர் படிக்காமல் விட்ட வரி ஒன்று உண்டு. முறைப்படி இடம் சுட்டி எடுத்தாண்ட மேற்கோள், ஒப்புமைக் கணக்கிலே சேராது! எடுப்பது குற்றமன்று, எடுத்ததை மறைப்பதே குற்றம். இதை அவளிடம் கூறியபோது, "அப்ப, இவுங்க சொன்னதுன்னு போட்டுட்டா போதுமா ஐயா?" என வியந்தாள். போதும் என்றோம், பிறகு, போதாது என்றும் திருத்தினோம். பிறர் கூறியதை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டுவிட்டால் திருட்டு இல்லை. ஆனால் ஆய்வும் இல்லை. அவர் கூறியது இது, இவர் கூறியது இது, நான் கண்டது இது என மூன்றும் தனித்தனியே தெரியவேண்டும்.

இது மேனாட்டார் நமக்குக் கற்றுத்தந்த வித்தை என எண்ணுவோர் உளர். தொல்காப்பியர் "என்ப" என்றும் "என்மனார்" என்றும் அடிக்கடி கூறுவது எதற்காக? தமக்கு முன்னே கூறியவர் உளர் என்பதை ஒப்புக்கொள்வதற்காக அன்றோ! உரையாசிரியர்களைப் பாருங்கள். யாப்பருங்கல விருத்தி எழுதியவர், ஒரு விதிக்குச் சான்று காட்டப் பல நூல்களிலிருந்து பாடல்களை எடுத்து வைத்தார். நூல்கள் மறைந்தன, எடுத்துக்காட்டுகள் நின்றன. குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாக இன்று நம்மிடம் இல்லை. உரைகளும் புறத்திரட்டு போன்ற தொகைநூலும் எடுத்தாண்ட பாடல்களாலேயே அவற்றின் சிதறல்கள் நமக்குக் கிட்டின. மேற்கோள் காட்டும் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், அப்படி நூல்கள் இருந்தன என்பதும் பழங்கதையாயிருக்கும்.

மறைந்துபோன அத்தகைய தமிழ் நூல்களைப் பற்றி, உரைகளைத் துருவித் துருவி ஒரு தனிநூலே எழுதினார் மயிலை சீனி. வேங்கடசாமி. அவர் யார்? பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர், பட்டம் பெற்றவருமல்லர். சென்னை மயிலாப்பூரிலே பள்ளி ஆசிரியர்! 1900-இல் பிறந்து 1980-இல் மறைந்த அப்பெரியார், பௌத்தம், சமணம், களப்பிரர், கவின்கலைகள் எனத் துறை துறையாகத் தோண்டினார். எங்கே கண்டார், எந்தக் கல்வெட்டு, எந்த உரை என்பதையும் உடன் வைத்தார். ஐயுறுவோர் சென்று பார்த்துக்கொள்ளலாம். பட்டமில்லாத பள்ளி ஆசிரியர் இதைச் செய்தார். பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியராகிய நாம் அண்ணன் ஏட்டைப் படியெடுத்தோம்! இந்த ஒப்பீட்டை எழுதக் கை கூசுகின்றது, எனினும் எழுதுகிறோம்.

நம் இயக்கத் தோழர்களுக்கு மிகவும் வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி நூல், ஆங்கிலத்திலும் பின்னர் இந்தியிலும் வந்தது. இந்தியிலே "சச்சீ ராமாயண்" என வெளியிட்டவர் உத்தரப் பிரதேசத்து லலாய் சிங். 1969-இல் அந்த மாநில அரசு நூலைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. லலாய் சிங் என்ன செய்தார்? நூலிலே கூறியவற்றுக்கு ஆதாரங்களைத் தொகுத்து, "சச்சீ ராமாயண் கீ சாபி" எனத் தனி நூலே வெளியிட்டார். சாபி என்றால் சாவி! நீதிமன்றமும் ஏறினார். அலகாபாத் உயர்நீதிமன்றம் 1971-இல் ஆணையை நீக்கியது. அரசின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் 1976-இல் தள்ளியது. ஏன் தள்ளிற்று? நூலைப் பறிக்கும் ஆணையிலே, எந்தக் காரணத்தால் பறிக்கிறோம் என்பதை அரசு எடுத்துரைத்திருக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகின்றது, அரசு எடுத்துரைக்கவில்லை. ஆதாரம் காட்டியவர் பக்கம் நூல் நின்றது. காரணம் காட்டாதவர் பக்கம் ஆணை வீழ்ந்தது!

"எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது, எடுத்துக் காட்டு" என மேடைதோறும் முழங்குகிறோம். நன்று. நம் மேடையிலே நாம் சொல்வதற்கு இடம் சுட்டுகிறோமா? 1835 பிப்ரவரி 2-ஆம் நாள் மெக்காலே இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலே பேசியதாக ஒரு பேச்சைப் பலரும் கைப்பேசியிலே பரப்புகின்றனர். இந்தியா முழுதும் சுற்றினேன், பிச்சைக்காரனைக் காணவில்லை எனத் தொடங்கும் அந்தப் பொய்யை நம் எதிரணியினர் பரப்பும்போது நகைக்கிறோம். 1834 சூன் மாதமே மெக்காலே சென்னையிலே வந்திறங்கிவிட்டார். அந்தப் பிப்ரவரியில் கல்கத்தாவிலே இருந்தார். அந்த நாளில் அவர் செய்தது கல்வி பற்றிய குறிப்பை எழுதியதே. நாளைப் பார்த்த மாத்திரத்தில் பொய் உடைகின்றது. ஆனால், நம் பாசறை ஒன்றிலே தோழர் ஒருவர் பெரியாரின் பொன்மொழி என ஒன்றைச் சுவரொட்டியிலே அச்சிட்டபோது, "எந்த ஏடு, எந்த நாள்?" எனக் கேட்ட நம்மைப் பகைவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தலைவர் பெயரைச் சொன்னாலே கேள்வி கேட்கக்கூடாது என்பதற்கும், வேதம் என்றாலே வாய்பொத்து என்பதற்கும் என்ன வேறுபாடு? வே. ஆனைமுத்து 1974-இல் பெரியார் சிந்தனைகளை மூன்று தொகுதிகளாக வெளியிட்டபோது, எந்த இதழ், எந்த நாள் எனக் குறித்து வைத்தது வீண்வேலையா?

நூலுலகத்தை விட்டு நம் மலைக்கே வருவோம். மேட்டுக்கு அப்பாலுள்ள ஏலமலைக் காடுகள் பற்றிய வழக்கு, இருபதாண்டுக்கு மேலாக உச்சநீதிமன்றத்திலே நடந்துவருகின்றது. திருவிதாங்கூர் அரசு 1897-இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி ஒதுக்கப்பட்ட காட்டின் பரப்பு எவ்வளவு? 15,720 ஏக்கர் என்கிறது ஒரு தரப்பு. 2,15,720 ஏக்கர் என்கிறது மறுதரப்பு. முன்னே நிற்கும் ஒரே ஓர் இலக்கம்! 2024 அக்டோபரிலே, அங்கே புதிய பட்டா வழங்கலாகாது என நீதிமன்றம் இடைக்காலமாகத் தடுத்தது. அந்த மலையை நம்பி விடியலிலே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிச் செல்லும் நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் நாளை எங்கே வேலை செய்வர் என்பதும் ஒரு பழைய தாளின் ஓர் இலக்கத்தோடு பின்னிக் கிடக்கின்றது. மூல ஆவணத்தைப் பார்த்தாயா, படியைப் பார்த்தாயா, படியின் படியைப் பார்த்தாயா என்னும் கேள்வி, பேராசிரியர்களின் பொழுதுபோக்கன்று.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றும் இல்லை. சனிக்கிழமைதோறும் பள்ளித் திண்ணையிலே இரண்டு மணி நேரம் உடன் அமர்ந்தோம். மூன்றாம் வாரம் அவள் தோழியர் இருவர் சேர்ந்தனர். பிறகு ஒரு பையன், வேளாண்மை பயில்பவன். நமக்குப் பொருளாதாரம் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே கூறினோம். நாம் செய்தது இதுதான்: பழைய நாட்காட்டித் தாள்களை வெட்டி, பின்புறத்திலே குறிப்பெழுதப் பழக்கினோம். ஒரு தாளுக்கு ஒரு கருத்து. மேலே, ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பித்த ஆண்டு, பக்கம். அதை எழுதாமல் கீழே ஒரு சொல்லும் எழுதலாகாது. "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்பவன் பிறகு எழுதமாட்டான். பொற்கோவின் "ஆராய்ச்சி நெறிமுறைகள்", தமிழண்ணலும் எம். எஸ். இலக்குமணனும் சேர்ந்தெழுதிய "ஆய்வியல் அறிமுகம்" ஆகிய இரண்டையும் முறைவைத்துப் படித்தோம். ஆங்கிலத்திலே எழுதுவோருக்கும் தமிழிலே நெறி விளங்கியதால் அச்சம் நீங்கிற்று.

பணம் கொடுக்காமலே கிடைக்கும் உதவி எவ்வளவு எனக் கண்டு நாமே திகைத்தோம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஏடுகளைத் திறந்து வைத்திருக்கும் "ஷோத்கங்கா" என்னும் இணையக் களஞ்சியம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் உழைக்கும் மதுரைத் திட்டம். அரிய இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா நூலகம். 2023-இல் மதுரையிலே கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. அதே ஆண்டு சூனிலே, பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாக நின்றிருந்த நம் போடித் தொடர்வண்டியும் அகலப்பாதையிலே மீண்டும் ஓடத் தொடங்கிற்று. நால்வரும் ஒருநாள் மதுரைக்குச் சென்று, மாலைவரை அந்த நூலகத்திலே அமர்ந்துவிட்டு வந்தனர். பகலுணவை மறந்துவிட்டார்களாம்!

வேளாண்மைப் பையன் ஒருநாள் குறும்பாகக் கேட்டான்: "எதுக்கு ஐயா இவ்வளவு பாடு? செயற்கை நுண்ணறிவுகிட்ட கேட்டா அதுவே எழுதி, அடிக்குறிப்பும் போட்டுத் தருதே!" தரும், தம்பி, தரும். 2023-இல் நியூயார்க்கிலே வழக்கறிஞர் இருவர் அப்படித்தான் கேட்டு வாங்கி, நீதிமன்றத்திலே முன்தீர்ப்புகளை அடுக்கினர். தேடிப் பார்த்தால் அவற்றுள் பல, எந்த நீதிமன்றமும் எந்நாளும் வழங்காத தீர்ப்புகள்! நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். பொறியிடம் ஐயம் கேட்கலாம், வழி கேட்கலாம், அது காட்டிய நூலை, நீ கையிலே எடுத்துப் பார்த்தாயா என்பதே கேள்வி. நாற்பது நூல்களைக் காணாமலே பட்டியலிட்ட நமக்கும் அந்தப் பொறிக்கும் பெரிய வேற்றுமை இல்லை என நினைத்துக்கொண்டோம், பையனிடம் கூறவில்லை.

நூல்களெல்லாம் பார்த்தான பிறகு அவளுக்கு ஓர் இடர் வந்தது. காய் பொறுக்கும் பெண்களைப் பற்றி நூலிலே மிகக் குறைவு. தோட்டத்தைப் பற்றி இருக்கின்றது, விலையைப் பற்றி இருக்கின்றது, ஏற்றுமதியைப் பற்றி இருக்கின்றது. பொறுக்கும் கையைப் பற்றி ஒரு பத்தியும் அகப்படவில்லை. "எங்க அம்மாவுக்குத் தெரியும். ஆனா அம்மாவ எப்படி மேற்கோள் காட்டுறது?" என்றாள். நாட்டார் வழக்காற்றை ஆய்வோர், தகவலாளர் பட்டியல் என ஒன்றை ஏட்டின் இறுதியிலே வைப்பர். பெயர், வயது, தொழில், ஊர், கேட்ட நாள் எல்லாம் அதிலே இருக்கும் என்றோம். அவள் வழிகாட்டியும் இசைந்தார். அன்றிரவே தொடங்கினாள். தாயிடம் கேட்டாள், தாயின் உடன் வேலை செய்வோர் பதினொரு பேரிடம் கேட்டாள். எந்தக் காய்க்கு எந்தப் பெயர், கூலி எப்படிக் கணக்கு, கண் மங்கியவளை எந்த வயதிலே நிறுத்துவர் என்பதையெல்லாம், எந்த ஆசிரியரும் எழுதாததை, இசைவு பெற்று, நாள் குறித்து எழுதினாள். ஒப்புமை அறிக்கை மறுபடி வந்தது. நூற்றுக்கு 6.

ஒப்படைக்கும் முன்னே, படியை எடுத்துக்கொண்டு தாயும் மகளும் நம் வீட்டுக்கு வந்தனர். தகவலாளர் பட்டியலிலே முதற்பெயர் தாயுடையது. மகள் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள்.

"நான் என்னத்தக் கண்டேன் வாத்தியாரய்யா? காயப் பொறுக்குறவ சொன்னதப் போயி புத்தகத்துல போட்டிருக்கா" என்று கூறிக்கொண்டே, அந்தத் தாளை வாங்கிச் சற்றுநேரம் வைத்திருந்தாள். படிக்கத் தெரியாது, பார்த்தாள்.

"என்னன்னு எழுதியிருக்க, திரும்பப் படி."

"காய் தரம் பிரித்தல், பதினேழு ஆண்டு அனுபவம்."

"பதினேழு இல்லடி. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே போயிக்கிட்டு இருந்தேன். இருபத்தஞ்சு."

மகள் நம்மிடம் பேனா கேட்டாள். பதினேழை அடித்து, மேலே இருபத்தைந்து என எழுதினாள்.